குஞ்சியும் குடுமியும் கிராப்பும்

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். மலேசியாவில் இப்பெயர் கொண்ட ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. பினாங்கு மாநிலத்திலும் ஒன்று உண்டு. ஈண்டுக் குறிக்கப்படுவது மலாக்கா மாநிலம் அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்த சிம்பாங் அம்பாட். சுற்றிலும் ஒருகாலத்தில் பால்மரக் காடுகளாக இருந்து, பின்னர்ச் செம்பனைக்கு மாறிய தோட்டப்புறம். இத்தகைய ஊர்களில் அறுபது வயதை எட்டிய தமிழர் ஒருவர், வேலையை விட்டு ஓய்ந்தபின், முடிதிருத்தும் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று கொள்வோம். முதல் இரண்டு மாதம் எவரும் கவனியார். முடி காதை மறைத்துக் கழுத்தில் இறங்கத் தொடங்கியதும் கேள்விகள் வரும்.

“என்ன அண்ணே, வேண்டுதலா?” என்பார் ஒருவர். “சாமியாராகப் போகிறாரா?” என்று அவர் மனைவியிடம் கேட்பார் மற்றொருவர். “இந்த வயதில் ஹிப்பி வேடமா?” என்று நகைப்பார் மூன்றாமவர். மனைவி கருவுற்றிருக்குங்கால் கணவன் முடி வெட்டிக்கொள்ளாதிருப்பதும் தமிழர் வழக்கமே. ஆயினும் ஓய்வூதியம் பெறுபவரிடம் அக்கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை.

இக்கேள்விகள் சிரித்துவிட்டுப் போகத்தக்கவை போல் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு படிந்து கிடக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழூரில் நீண்ட முடியுடைய ஆணைப் பார்த்து எவரும் காரணம் கேட்டிருக்கமாட்டார். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவனையே நிறுத்திக் கேட்டிருப்பர். கேள்வி எப்போது இடம் மாறியது, யார் மாற்றினார் என்பது ஆராயத்தக்கது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். ‘மயிர்’ என்னும் சொல் பேச்சு வழக்கில் இழிந்துபோய், அதன் இடத்தில் ‘முடி’ வந்து அமர்ந்துவிட்டது. வகுப்பறையில் திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். தலையினின்று வீழ்ந்த மயிரையும், மயிர் நீங்கின் உயிர்வாழாத கவரிமாவையும் வள்ளுவர் எவ்விதக் கூச்சமுமின்றிப் பாட, மாணவர்கள் வாய்பொத்திச் சிரிப்பர். பெண்ணின் தலைமயிருக்குக் கூந்தல், கதுப்பு, ஓதி, ஐம்பால் எனப் பல பெயர்கள் இருந்தன. ஆணின் தலைமயிருக்கெனவே குஞ்சி என்று ஒரு தனிச் சொல் இருந்தது. தனிச் சொல் இருந்ததென்றால், அச்சொல்லால் அழைக்கத்தக்க பொருளும் கண்ணெதிரே இருந்தது என்றே கொள்ளவேண்டும். நாலடியாரில் கல்வி என்னும் அதிகாரத்தின் முதற்பாடல், கல்வி அழகே அழகு என்று முடிவதற்கு முன், அழகென உலகம் மயங்கும் பொருள்களை எண்ணுகிறது. அவ்வரிசையில் முதலில் நிற்பது குஞ்சியின் அழகே. விலக்கப்படுவதற்காகவேனும் அது முதலிடம் பெற்றது என்பது எண்ணத்தக்கது.

குடுமி என்னும் சொல்லின் கதை வேறு. மலையுச்சிக்கும் குடுமி என்று பெயர். கதவு சுழலும் முனைக்கும் குடுமி என்று பெயர். திருக்காளத்தி மலைமேல் கண்ணப்பர் கண்ட இறைவனுக்குக் குடுமித்தேவர் என்பது பெயர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று ஒரு பாண்டியன் பெயரிலேயே அச்சொல் அமைந்துள்ளது. ஆனால் தலைமயிர்க் குடுமியைப் பற்றிப் புறநானூறு தரும் ஒரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். எழுபத்தேழாம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், இளம் பருவத்திலேயே போருக்கு எழுந்த பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிறார். காலின் சதங்கையைக் கழற்றிய இடத்தில் வீரக்கழல். குடுமியைக் களைந்த தலையில் வேப்பந்தளிர். வளையைக் கழற்றிய கையில் வில். சதங்கைக்கும் கைவளைக்கும் இணையாகக் குடுமியும் சிறுவர்க்கு உரிய அடையாளமாகவே அங்கே வருகிறது. அதனைக் களைந்த பின்னரே அவன் ஆடவனாகிறான். பிற்காலத்தில் முதியோர்க்கும் பெரியோர்க்கும் உரிய மதிப்புச் சின்னமாகக் கருதப்பட்ட குடுமி, அன்று பிள்ளைப் பருவத்தின் எச்சம். தொன்றுதொட்டு மாறாமல் வந்தது என்று எதனையும் சொல்லத் துணிவோர் இப்பாட்டை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.

வாழ்வின் பிற்பகுதியில் முடி வளர்த்த ஆடவனைப் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்றும் புறநானூற்றிலேயே உள்ளது. 251, 252 ஆகிய இரு பாட்டுகளையும் பாடியவர் மாரிப்பித்தியார். திணை வாகை, துறை தாபத வாகை. போர்வென்றவனுக்கு உரிய வாகைத் திணையிலேயே தவம் செய்பவனையும் வைத்தனர் பண்டைய இலக்கண நூலார். அவ்விரு பாட்டிலும் வரும் மனிதனுக்குப் பெயர் கூறப்படவில்லை. ஒருகாலத்தில் ஓவியம் போன்ற மனையில் வாழ்ந்தவன். அவனை நினைந்து மெலிந்த மகளிரின் கைவளைகள் நெகிழ்ந்தன. மயில் போன்ற பெண்களைச் சொல்லென்னும் வலையால் பிடித்த வேடன் அவன். இன்றோ மூங்கில் நெடிதுயர்ந்த மலையில் அருவியாடி, காட்டு யானை கொணர்ந்த விறகில் தீ மூட்டி, முதுகில் தாழ்ந்த சடையை உலர்த்திக்கொண்டிருக்கிறான். இடைவிடாது அருவிநீர் பட்டதனால் அச்சடை கருநிறம் இழந்து, தில்லை மரத்தின் தளிரைப் போல் புல்லென்று ஆகிவிட்டது. உணவுக்காகத் தாளியிலை கொய்கிறான்.

இப்பாட்டில் கவனிக்கவேண்டியது அச்சடையின் மெய்ம்மை. நீரில் நனைந்தால் நிறம் மங்கும். நனைந்ததை உலர்த்த நேரம் பிடிக்கும். உலர்த்துவதற்குத் தீ வேண்டும். நீள்முடி வளர்த்தவர் எவரும் உடனே ஒப்புக்கொள்ளும் உண்மைகள் இவை. கண்டறியாதவர் எழுதிய பாட்டன்று அது. தவத்தை அவர் புகழவும் இல்லை, இகழவும் இல்லை. முன்னே அவன் இன்னவன், இன்று இன்னவன் என்று மட்டும் கூறி நிறுத்திவிடுகிறார். ‘சாமியாராகப் போகிறாரா’ என்று சிம்பாங் அம்பாட்டில் கேட்கும் அண்டை வீட்டார், தாம் அறியாமலே, ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தாபத வாகைத் துறையில் நின்று பேசுகிறார் எனலாம்.

ஆயின் தவக்கோலத்துச் சடையை எல்லாரும் நம்பிவிடவில்லை. கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளான 280இல், தலையை மழித்துக்கொள்வதும் நீள வளர்ப்பதும் வேண்டியதில்லை, உலகம் பழிக்கும் செயலை விட்டொழித்தாற் போதும் என்கிறார் வள்ளுவர். மழிப்போர் ஒரு சாரார், வளர்ப்போர் ஒரு சாரார் என இருவகைத் துறவியரும் தமிழகத்தில் உலவிய காலம் அது. அவர் ஒரு சாராரைக் கண்டித்து மறு சாராரை விட்டுவிடவில்லை. தராசின் இரு தட்டிலும் இரண்டையும் வைத்து, இரண்டையும் ஒருசேர இறக்கிவிட்டார். இக்குறளை நீள்முடி வளர்ப்பவர்க்கு எதிராக எடுத்துக்காட்டுவோர் பலர். மொட்டையடிப்பவர்க்கும் அது அதே அளவு பொருந்தும் என்பதை மறந்துவிடுகின்றனர்.

சோழர் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளிப்படுத்திய ஓவியங்களுள் புகழ்பெற்ற ஒன்றில் இருவர் காணப்படுகின்றனர். இராசராசனும் கருவூர்த்தேவரும் என்பது பலருடைய கருத்து. அறிஞரிடையே அதில் வேறுபாடும் உண்டு. யாராயினும், இருவரும் முடியை வளர்த்து உச்சியில் முடிந்தவர்கள். முதியவருக்கு வெண்தாடியும் இருக்கிறது. அரசனும் ஆசானும் ஒரே வகையாக முடி வளர்த்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு அவ்வோவியம் போதும்.

பின்னர் முன்தலையை மழித்துப் பின்தலையில் வளர்த்து முடியும் குடுமி தமிழ்நாட்டு ஆடவரிடையே பரவலாயிற்று. சோழியர் என்னும் பிரிவினரும் தில்லைத் தீட்சிதரும் முன்குடுமி வைப்பவர்கள். ‘சோழியன் குடுமி சும்மா ஆடாது’ என்னும் பழமொழி அதிலிருந்து பிறந்தது. சுமை தூக்க அது ‘சும்மாடு ஆகாது’ என்பதே திரிந்தது என்று கூறுவாரும் உளர். குடுமியின் இடமும் அளவும் இன்னார் இன்ன குலம் என்று காட்டும் குறியாயின. தலை ஒரு முகவரிப் பலகை ஆயிற்று.

அந்தப் பலகையின் மேல் முதலில் கைவைக்க முயன்றது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. சென்னை மாகாணப் படைவீரர் தாடியை மழிக்கவேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்கவேண்டும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடா, புதுவகைத் தலைப்பாகை அணியவேண்டும் என்று 1805, 1806ஆம் ஆண்டுகளில் ஆணைகள் பிறந்தன. 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணமாகும். அன்று மாலைக்குள் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. இருதரப்பிலும் உயிர்ச்சேதம் பெரிது. தாடியையும் தலைப்பாகையையும் அற்பப் பொருள்கள் என்று கருதிய அதிகாரிகள், பின்னர் அவ்வாணைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

அடுத்துக் குடுமியைப் பற்றிக் கவலைப்பட்டவர் கிறித்தவ சமயப் பரப்பாளர். மதம் மாறியவர் குடுமியை அறுத்தெறிய வேண்டுமா என்பது அவர்களிடையே பெரும் பூசலாயிற்று. குடுமி விக்கிரக வழிபாட்டின் சின்னம் என்றனர் ஒரு சாரார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் இதில் தலையிட்டு 1867இல் குடுமியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அது சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கமே. ஆகவே வலிந்து அறுக்கச் செய்வது தகாது என்பது அவர் துணிபு. இலக்கணத்துக்காக அவரைப் போற்றும் தமிழாசிரியர் பலர் இக்கட்டுரையைக் கேள்வியுற்றிருக்கமாட்டார். ஒரு மொழிக்குடும்பத்தை ஆராய்ந்த அதே கண்ணால் ஒரு முடிக்கற்றையையும் ஆராய்ந்தார் அவர்.

இத்தலையோடுதான் தமிழர் கப்பலேறினர். 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து அம்மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள்களைத் திரட்டி வந்தனர். அக்காலத்து நிழற்படங்களில், முன்தலை மழித்துப் பின்னே முடிந்த தொழிலாளரையும், தலைப்பாகைக் கங்காணிகளையும் காணலாம். அவர்களுக்கு எதிர்க்கடையில் இருந்த சீனருக்கும் பின்னல் இருந்தது. 1645இல் மஞ்சூரிய அரசு சீனர்மேல் சுமத்திய பின்னல் அது. 1898இல் சிங்கப்பூரில் லிம் பூன் கெங் முதலானோர் பின்னலறுப்பு இயக்கம் தொடங்கியபோது சீனச் சமூகத்தில் எழுந்த புயல் சிறிதன்று. 1911இன் புரட்சிக்குப் பின் பின்னல் விரைந்து மறைந்தது. தமிழரின் குடுமி அவ்வாறு ஒரு புரட்சியில் விழவில்லை. தோட்டந்தோட்டமாக, தலைதலையாக, ஓசையின்றி விழுந்தது.

கிராப்பு என்னும் சொல் அப்போது வந்தது. வெட்டிக் குறைத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம் அது. கிராப்பு வைத்தவன் படித்தவன், நகரத்தான், சாதிக் கட்டுக்கு அடங்காதவன் என்று பொருள்பட்டது. 1898இல் காசிக்குச் சென்ற இளம் பாரதி அங்கே குடுமியை எடுத்துவிட்டு மீசையும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டபோது உறவினர் முகம் சுளித்த செய்தி யாவரும் அறிந்ததே.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூறவேண்டும். குடுமி போனதை எண்ணி ஏங்குவோர், அது எவரெவர் தலையில் எவ்வாறு இருந்தது என்பதையும் எண்ணவேண்டும். தமிழகச் சிற்றூர்களில் நாவிதர் தொழில் சாதிமுறைக்குக் கட்டுப்பட்டிருந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு ஊர் நாவிதர் முடிதிருத்த மறுக்கும் கொடுமை பல இடங்களில் இருந்தது. நகரத்து முடிதிருத்தும் கடையிலோ காசு கொடுத்தவன் நாற்காலியில் அமர்ந்தான், எதிரே கண்ணாடி, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. முன்னர் அமர்ந்தவன் யார், பின்னர் அமரப்போகிறவன் யார் என்று அந்த நாற்காலி கேட்கவில்லை. கிராப்பு ஒரு நாகரிகப் பித்து மட்டுமன்று. சிலருக்கு அது நிமிர்ந்து அமரும் உரிமையாகவும் இருந்தது. அவ்வுரிமையை நினையாமல், பழைய முடியே பெருமை என்று பேசுவது பாதி வரலாற்றை மழித்துவிடுவதாகும்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களையும் சமயக் குறிகளையும் விட்டொழிக்குமாறு கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் முதலிய ஊர்களில் பேசினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதில் முன்னின்ற கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். தோட்டத்துத் தமிழனின் கள், சாதி, மூடவழக்கம் ஆகியவற்றை எதிர்த்து எழுந்த அக்குரல், குடுமியையும் பழைமையின் மிச்சமாகவே கண்டது.

சீர்திருத்தக்காரர் செய்த வேலையைத் திரைப்படம் ஒருவகையில் முடித்தும் வைத்தது, ஒருவகையில் கலைத்தும் வைத்தது. எம். கே. தியாகராச பாகவதரின் முடி பின்கழுத்தில் சுருண்டு தோளைத் தொடும். அதற்கு மக்கள் வைத்த பெயர் ‘பாகவதர் கிராப்பு’. வெட்டிக் குறைத்தலைக் குறிக்க வந்த சொல், வெட்டாத முடிக்குப் பெயராகிவிட்டது! சொற்பொருள் மாற்றத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு மாணவர்க்குக் கிடைப்பது அரிது. 1944இல் வெளிவந்த அரிதாசு படம் சென்னையில் ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதர் கிராப்பில் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. அழகு ஒன்றே இருந்தது. நாலடியார் விலக்கிய குஞ்சியழகு, குடுமியைத் தாண்டி, திரையில் திரும்பி வந்தது.

அதே காலத்தில் மலாயாவில் எதிர்த்திசையில் ஒன்று நிகழ்ந்தது. 1943இல் நேதாசி அமைத்த சான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தனர். பயிற்சிக்காகப் பலர் கூந்தலைக் கழுத்தளவுக்குக் குறைத்துக்கொண்டனர். ஆணின் குடுமி மறைந்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. அப்பெண்கள் கூந்தல் குறைத்ததை அவர்தம் குடும்பங்கள் நெடுநாள் பேசின.

முதுமையில் நீள்முடியோடு மலாயா மண்ணில் நடந்த பெரியோரையும் இங்கே நினைவுகூரலாம். 1927 சூலையில் இரவீந்திரநாத் தாகூர் மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தபோது மலாக்காவுக்கும் வந்தார். அறுபத்தாறு வயது, நரைத்த நீள்முடி, மார்பளவு தாடி. அவரைக் கண்டோர் முனிவரென்றே வியந்தனர். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1954 டிசம்பரில், பர்மாவில் அம்பேத்கரைச் சந்தித்துவிட்டுப் பெரியார் இரண்டாம் முறை மலாயாவுக்கு வந்தார். எழுபத்தைந்து வயது, வெண்தாடி, வாரிவிடப்பட்ட வெண்முடி. அவரையும் தொலைவிலிருந்து கண்ட அறியாதார் முனிவரென்று எண்ணியிருந்தால் வியப்பில்லை.

குடுமியையும் குறிகளையும் களையச் சொன்ன இயக்கத்தின் தலைவரே முதுமையில் முடி வளர்த்தது முரண்பாடன்றோ என்று கேட்பாருண்டு. முரண்பாடு இல்லை. அவ்வியக்கம் பகைத்தது முடியின் நீளத்தையன்று, அது சுமந்த அடையாளத்தை. எந்தக் குலத்தையும் எந்தக் கடவுளையும் குறியாத முடி எவ்வளவு நீண்டாலும் அது வெறும் முடியே. இதற்கு நேர் எதிரே யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமியை வைத்துப் பார்க்கலாம். 1872இல் பிறந்து, கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைப் பண்டகசாலையில் பணியாற்றி, அதனைத் துறந்து, 1964இல் மறைந்தவர். மலாயாவில் கிராணிமாராகவும் இரயில்வே எழுத்தராகவும் வேலை செய்த யாழ்ப்பாணத்தார் பலரின் வீடுகளில் அவர் படம் தொங்கும். வெண்முடியைப் பின்னே முடிந்து, வெண்தாடியோடு இருப்பார். இறை மறுத்தவர் படத்தையும் இறையில் தோய்ந்தவர் படத்தையும் அருகருகே வைத்து, இருவரையும் அறியாத ஒருவரிடம் காட்டினால், முடியைக் கொண்டு யார் எவரென்று அவரால் கூறவியலாது. வள்ளுவர் 280ஆம் குறளில் சொன்னதும் இதுவே.

‘ஹிப்பி வேடமா’ என்னும் மூன்றாம் கேள்வி மிகப் பிந்தியது. 1960களின் இறுதியில் மேலைநாட்டு இளைஞர் முடி வளர்க்கத் தொடங்கியதும், சிங்கப்பூர் அரசு அதனைப் போதைப்பொருளோடும் சோம்பலோடும் இணைத்துக் கண்டது. 1970 ஆகஸ்டில் மலேசிய இளைஞர் மூவரைச் சிங்கப்பூரில் தடுத்து வைத்து முடியை வெட்டிவிட்டனர். மலேசியாவில் பெருஞ்சினம் எழுந்தது. பிரதமர் லீ குவான் யூ கோலாலம்பூருக்கு வரவிருந்த பயணம் அதனால் தள்ளிவைக்கப்பட்டது. இரு நாட்டு உறவு மூன்று தலைகளின் முடியில் சிக்கிக்கொண்டது என்றால் இன்றைய மாணவர் நம்பமாட்டார். அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டு அரசு அலுவலகங்களில் நீள்முடி ஆண்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவர் என்னும் அறிவிப்புகள் தொங்கின. முடி புருவத்தைத் தொடுதல், காதை மூடுதல், சட்டைக் கழுத்துக்குக் கீழே இறங்குதல் ஆகியவை குற்றமாகப் படம் வரைந்து காட்டப்பட்டன. மலேசியாவிலும் அத்தகைய எண்ணம் நெடுநாள் நிலைத்தது. 1992இல் தகவல் அமைச்சர் முகமட் ரகுமாட், நீள்முடி ராக் பாடகர் அரசு வானொலி தொலைக்காட்சியில் தோன்றலாகாது என்று தடுத்தார். சேர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் ஆவியும் முடியை வெட்டிக்கொண்டனர். அவ்விருவரின் பாடல்களைத் தோட்டத்துத் தமிழ் இளைஞரும் விரும்பிக் கேட்டவர்களே.

ஆக, அறுபது வயதில் முடி வளர்க்கத் தொடங்கும் ஒரு தோட்டத்துத் தமிழரின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்கவேண்டும். பள்ளியில் காதைத் தொடாத முடி. தொட்டால் ஆசிரியரின் கத்தரிக்கோல். பின்னர் விடியற்காலைப் பெரட்டில் தண்டலின் பார்வை, கிராணியின் பேரேடு. அரசுப் பணியோ தொழிற்சாலைப் பணியோ கிடைத்திருப்பின் அங்கே மேலதிகாரி. தலை அவருடையதாயினும் அதன் அளவை வேறொருவரே குறித்துவந்தார். மலேசிய அரசுப் பணியாளரின் கட்டாய ஓய்வு வயது நெடுங்காலம் 55 ஆக இருந்து, 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 என உயர்ந்தது. தனியார் துறைக்கும் 2013 சூலை முதல் 60 ஆயிற்று. அதாவது, தன் முடியைத் தானே ஆளும் உரிமை ஐந்தாண்டு பின்னுக்குப் போயிற்று! தோட்டத்தில் வேலை ஓய்ந்தபோது குடியிருப்பையும் விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்கள் பல. வீடும் வேலையும் போனபின் எஞ்சியவற்றுள், எவரையும் கேளாமல் வைத்துக்கொள்ளத்தக்கது தலைமயிர் ஒன்றே.

அதுவும் எளிதில் வளர்வதன்று. தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவே நீளும். ஒட்ட வெட்டிய தலை தோளைத் தொட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். ஒவ்வொரு மயிரும் சில ஆண்டுகள் வளர்ந்து, பின் ஓய்ந்து உதிரும். வயது ஏற ஏற வளரும் காலம் குறையும், மயிரும் மெலியும். ஆகவே இருபது வயதில் இடுப்பளவு வளர்த்தவர்க்கும் அறுபதில் தோளளவே கூடலாம். முதல் ஆண்டுதான் மிகக் கடினம். முடி கட்டுவதற்குப் போதாது, விடுவதற்கு மிகுதி. கண்ணில் விழும், காதில் குத்தும், மலாக்காவின் புழுக்கத்தில் கழுத்து வேர்க்கும். உறவினர் கேள்விகளும் அவ்வாண்டில்தான் மிகும். தொடங்கியவர் பலர் அங்கேயே நின்று, முடிதிருத்தும் கடைக்குத் திரும்பிவிடுவர்.

வேண்டுதலுக்கு வளர்ப்போர்க்கு இத்தொல்லை குறைவு. முடிவு நாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். பத்துமலைத் தைப்பூசத்திலோ, மலாக்கா செங்கிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்திலோ முடியை இறக்கிவிட்டு, சந்தனம் பூசிய மொட்டையோடு ஊர் திரும்புவர். எவரும் காரணம் கேளார். முடிவு நாள் குறிக்காமல் வளர்ப்பவரையே ஊர் விடாது துளைக்கும். சன்னாசிமலை என்னும் பெயரிலேயே சடைதரித்த ஒருவர் இருக்கிறார் என்பதையும் அவ்வேளையில் எவரும் நினைப்பதில்லை.

மூன்றாம் ஆண்டில் முடி கட்டுக்கு அடங்கும். அதற்குள் பெரும்பாலோர்க்கு முன்தலை வழுக்கை நெற்றியைத் தாண்டி ஏறியிருக்கும். பக்கங்களிலும் பின்னும் மட்டும் நரைமுடி தழைத்திருக்கும். அதனை வாரிப் பின்னே இழுத்து ஒரு ரப்பர் வளையத்தில் செருகினால், முன்னே மழித்துப் பின்னே முடிந்த பாட்டனின் தலை அப்படியே வந்து நிற்கும். நாவிதரின் கத்தி பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்த வேலையை முதுமை கூலியின்றிச் செய்துவிடுகிறது. சிம்பாங் அம்பாட்டுச் சிறுவர்கள் அதனைப் ‘போனிடேல்’ என்பர். தொண்ணூறு வயதுப் பாட்டி எவரேனும் வாசலில் அமர்ந்திருந்தால், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் குடுமி என்பாள்.